சீட்டில் வந்த வீடு

இளங்கோவன் தன் வாழ்நாளில் எழுதிய ஒரே இலக்கியம் பொன்னேரி சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத்தாளில் பதிவாகிக் கிடக்கிறது. ஆறு பக்கம். முற்றுப்புள்ளி மொத்தம் நாலு. அதை எழுதிய காலத்தில் அவர் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்கு. மாற்றுச் சான்றிதழில் 'நடத்தை: நன்று' என்பதற்கு மேல் எதையும் எழுதிப் பழகாத கை அது. திடீரென்று 'மேற்படி ஷெடியூல் சொத்துக்களை' என்று ஆரம்பிக்க வாய்ப்புக் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. எழுதி முடித்துச் சத்தமாக வாசித்துக் காட்டியபோது, நைனா அர்ஜுனன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ரேடியோல வர்ற மாதிரி கீதுடா" என்றார். இளங்கோவன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

பதினாலு வருஷம் கழித்து அந்த இலக்கியத்துக்கு முதல் விமரிசனம் வந்தது. வருமான வரித்துறை அனுப்பியிருந்தது.

விமரிசனம் இங்கிலீஷில் இருந்ததால் அதை எடுத்துக்கொண்டு பொன்னேரியில் ஆடிட்டர் சாமைப் பார்க்கப் போனார். மாடியில் ஒற்றை அறை. மின்விசிறிக்குக் கீழே பேப்பர் பறக்காமலிருக்க ஒவ்வொரு கட்டின்மேலும் ஒரு சங்கு வைத்திருந்தார் சாம். நோட்டீஸை ஒரு தடவை படித்தார். பத்திரத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இத்த எழுதின மகராசன் யாரு சார்?"

"யாரோ... அந்தக் காலத்து ஆளுங்க" என்றார் இளங்கோவன்.

"நல்லா எழுதிக்கிறாரு. கேளுங்க. 'ஆண்டுதோறும் தை மாதம் பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமையன்று மேற்படி பயனாளிகள் மூவரும் ஒன்றுகூடி, எங்கள் ஊர் ஏரியின் பாடு முறைப்படி சீட்டெடுத்து, எவருக்கு எது வருகிறதோ அதை அவ்வருஷம் அனுபவித்து, எவருக்கும் எக்காலத்தும் எதிலும் நிலையான பங்கு என்பது கிடையாதென்றும்...' இந்தக் கடைசி வரிக்காகத்தான் சார் நோட்டீஸே வந்துகீது."

இளங்கோவனுக்குச் சுருக்கென்றது. நைனா சொன்னது 'பங்கு கெடையாதுன்னு எழுது' என்பதோடு சரி. 'எக்காலத்தும் எதிலும்' அவராகச் சேர்த்தது. ஓசைக்காக.

"புரியற மாதிரி சொல்லுங்க சாம்."

"சொல்றேன். உங்க நைனா குடும்ப டிரஸ்ட் ஒண்ணு வெச்சாரு. அதுல கோட்டைக்குப்பத்துல வீடு, அது முன்னாடி நண்டுக் கொட்டகை. ரோட்டோரம் செல்போன் கோபுரம் நிக்கிற மனை. ஒரு படகு. கோபுரத்துக்காரன் டிரஸ்ட் பேர்ல வாடகை போடறான், வரி புடிக்கிறான். கவர்மென்ட்டு பாக்குது. 'இந்த வாடகை யாருக்கு? இளங்கோவனுக்கா, தங்கச்சிக்கா, தம்பிக்கா?' பத்திரத்தப் பாத்தா, எக்காலத்தும் யாருக்கும் இல்லைன்னு கீது. ஆளுக்கு மூணுல ஒண்ணுன்னு ஒரு வரி இருந்திருந்தா அவங்கவங்க கணக்குல அவங்கவங்க காட்டிட்டுப் போயிருப்பீங்க. உங்க மூணு பேரு வருமானத்துக்கு வரியே வந்திருக்காது. யாருக்கு எவ்ளோன்னு தெரியாத டிரஸ்டுக்கு, ஊர்ல இருக்குற பெரிய பணக்காரன் கட்டற வரிய போடுவான். அதான் சட்டம்."

"எங்கள பெரிய பணக்காரன்னு முடிவு பண்ணிட்டாங்களா?"

"ஒரு கையெழுத்துல."

இளங்கோவனுக்கு நைனா ஞாபகம் வந்தது. காதில் பீடியோடு, இடுப்பில் ஈரத் துண்டோடு போன ஆடியில் செத்துப்போன மனிதர். இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

"இப்ப இன்னா பண்றது?"

"பழைய வருஷத்துக்கு வந்தத கட்டித்தான் ஆகணும். கோபுரத்து வாடகை பேங்க்ல கீது இல்ல, அதுலயே கழிஞ்சிடும். இனிமேட்டு வராம இருக்கணும்னா டிரஸ்ட்ட முடிச்சிடணும். நீங்க மூணு பேரும் ஒரே மனசா எழுதிக் கேட்டா, டிரஸ்டி சொத்த அவங்கவங்க பேருக்கு மாத்திக் குடுத்துடலாம். டிரஸ்டி நீங்கதான். மார்ச்சுக்குள்ள முடிங்க. யாருக்கு எதுன்னு மட்டும் முடிவு பண்ணிக்கினு வாங்க."

"ஒரே மனசுங்கறது சட்டத்துலயே கீதா?"

"கீது சார்."

"சட்டம் போட்டவனுக்குக் கூடப்பொறந்தவங்க இல்ல போல" என்றார் இளங்கோவன்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. காட்டூர் தாண்டும்வரை இரண்டு பக்கமும் அறுப்புக்கு நிற்கிற நெல். அப்புறம் காற்றில் உப்பு ஏறும். ரஞ்சித்துக்குப் போன் போட்டார். தம்பி ரஞ்சித்குமார் எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர். நாற்பத்தெட்டு வயசுக்குள் ஏழாவது வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறவன். அண்ணன் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டான்.

"சீட்டு போட்டுடலாம்ண்ணா. மூணு சொத்து, மூணு பேரு. வந்தது வந்தவங்களுக்கு, சாவற வரைக்கும்."

"அது வந்துடா, வீட்டுல இந்திராணி..."

"தெரியும்ண்ணா. ஆனா இந்தத் தடவ சீட்ட பிரிச்சு எல்லாரும் பாக்கணும். நைனா மாதிரி வாயால படிக்கறது வேணாம். எனக்கு வீடு வந்துச்சுன்னா வித்துடுவேன், இப்பவே சொல்லிட்டேன். ரிசார்ட்டுக்காரன் ஒருத்தன் கேட்டுக்கினே கீறான். பொண்ணு வித்யாவ நர்சிங் சேக்கணும். நான் இன்னாதான் பண்றது, சொல்லு."

தம்பி கேட்டதில் தப்பு இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். கோபம் எவ்வளவு சௌகரியமான விஷயம் என்பது, அது வராதபோதுதான் தெரிகிறது.

நைனாவின் யோசனையை இப்போது யாருக்காவது விளக்கிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஏரிக்கரையில் வளர்ந்தவனுக்கு அது சிரிப்பில்லை. ஏரியில் எல்லா இடமும் ஒன்று போல இருக்காது. முகத்துவாரத்தை ஒட்டி வலை கட்டினவனுக்கு இறால் கூடை நிறையும். உள்ளே சேற்றுப் பக்கம் கட்டினவன் பாசியைப் பிழிந்துவிட்டு வீட்டுக்கு வருவான். அதனால் நல்ல இடத்தை ஒருத்தனுக்கே விடுவதில்லை. ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்று எனக்கு முகத்துவாரம், நாளைக்கு உனக்கு என்று முறை வைத்து மாற்றிக்கொள்வார்கள். அதற்குப் பேர் பாடு. யாருக்கும் தண்ணீரில் பட்டா கிடையாது. எல்லாருக்கும் முறை உண்டு.

"ஏரில எவன் பேர்லடா பத்திரம் கீது?" என்று பத்திரம் எழுதச் சொன்ன அன்றைக்கு அர்ஜுனன் கேட்டார். "சண்ட கீதா?"

"வருஷத்துக்கு ரெண்டு மண்ட ஒடையுது நைனா."

"அது பாடு முறைல சேராதவன் உள்ள வந்து ஒடைச்சிக்கறது. முறைல இருக்கறவனுக்குள்ள சண்ட கீதா? பங்கு பிரிச்ச வீட்ட பாரு. அண்ணன் தம்பி ஒருத்தன் எழவுக்கு ஒருத்தன் போறதில்ல. வருஷத்துக்கு ஒரு தபா மூணு பேரும் இங்க வந்து சீட்டு எடுக்கணும். பாடு மாதிரியே எழுது."

பாடு மாதிரியே எழுதினார் இளங்கோவன். ஏரிக்குப் பொருந்துகிற சட்டம் வரிக்குப் பொருந்தாது என்று நைனாவுக்குத் தெரிய நியாயமில்லை. கிளார்க்குக்குத் தெரிந்திருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள்! வாடைக் காற்று ஓய்ந்து ஏரி தளும்பி நிற்கும். தூரத்தில் பூநாரைகள் யாரோ மறந்துவிட்டுப் போன துணிமணி மாதிரி வரிசையாகத் தெரியும். அம்மா பவுனம்மாள் இருந்தவரை அவள் கை நண்டுக் குழம்பு. அவளுக்குப் பிறகு இந்திராணி. காலையிலேயே கொட்டகையில் வந்து இறங்கும் பச்சை நண்டில் முதல் கூடை அன்றைக்கு விலைக்குப் போகாது. மூன்று குடும்பமும் சாப்பிட்டுக் கை காய்வதற்குள் நைனா பித்தளைச் சொம்பை எடுத்து நடுவில் வைப்பார். உள்ளே மூன்று சீட்டு. நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரத்தில் போட்ட கையெழுத்தே ஒரு வாரம் பழகி வந்தது. அதனால் வீட்டுக்கு ஒரு கட்டம், கோபுரத்துக்கு ஒரு கோடு, படகுக்கு ஒரு பிறை என்று குறி போட்டு வைத்திருப்பதாகச் சொல்வார். ஆளுக்கொரு சீட்டை எடுத்து அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைப் பிரித்து, கையை நீட்டி, வெளிச்சத்துக்குத் திருப்பி, புருவத்தைச் சுருக்கிப் பார்த்துவிட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவிப்பார். அறிவித்ததும் கசக்கி மூலையில் எறிந்துவிடுவார்.

"இந்திராணி... வீடு!"

பதிமூன்று வருஷம் சீட்டுப் போட்டார்கள். கோபுரமும் படகும் அண்ணன் தம்பிக்குள் மாறி மாறி வந்தன. வீடு பதிமூன்று வருஷமும் இந்திராணிக்கே வந்தது. லாட்டரியில் அப்படி நடந்தால் போலீஸ் வரும். இங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை. 'அவ கைராசி' என்று அம்மா ஒரு தடவை சொன்னாள். அதோடு சரி.

இந்திராணி எளாவூரில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். ஆறு வருஷம் கழித்து, புருஷனுக்கு சூளூர்ப்பேட்டையில் இன்னொரு குடும்பம் இருப்பது தெரிந்த அன்றைக்கே ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். வந்த மறுநாள் காலை நைனாவின் நண்டுக் கொட்டகையில் உட்கார்ந்து நண்டுக்குக் கயிறு கட்ட ஆரம்பித்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. யாரிடமும் எதையும் சும்மா வாங்கமாட்டாள். தீபாவளிக்கு இளங்கோவன் புடவை எடுத்துக்கொடுத்தால், மறுவாரம் அந்தப் புடவை விலைக்கு நண்டு வந்து சேரும். பொங்கலுக்குக் கூடவே ஒரு கிலோ அதிகமாக வரும். அது ரவிக்கை தைத்த கூலிக்கு.

பஸ்ஸை விட்டு இறங்கிப் பாலத்தைக் கடந்து கொட்டகைக்குப் போனபோது அவள் நண்டு கட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் ஜெசிந்தா. ஜெசிந்தா இருபது வருஷமாக இந்திராணியோடு நண்டு கட்டுகிறவள். ஒரு நண்டு கட்டி முடிப்பதற்குள் ஊரில் நாலு பேரை அவிழ்த்துவிடுவாள்.

"யக்கா, டிரஸ்டி வர்றாரு பாரு. மூஞ்ச பாத்தா கவர்மென்ட்டு நண்டு கடிச்ச மாதிரி கீது" என்றாள் ஜெசிந்தா.

இந்திராணி நிமிரவில்லை. இடது காலால் நண்டின் முதுகை அழுத்தி, இரண்டு கொடுக்கையும் மடக்கி, கயிற்றை ஒரு சுற்று சுற்றிப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். அரை நிமிஷம்.

"சாப்ட்டியா?"

"ஆச்சு."

"பொய் சொல்ற. குந்து."

தட்டில் சோறும் மடவை மீன் வறுவலும் வந்தன. சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். 'எக்காலத்தும் எதிலும்' பற்றியும் சொன்னார். ஜெசிந்தா சிரித்துச் சிரித்து நண்டைக் கூடைக்கு வெளியே போட்டாள்.

"ஒரு வார்த்தைக்கு இம்மாம் வரியா? நான் பேசறதுக்கெல்லாம் போட்டா இன்னா ஆவறது!"

இந்திராணி சிரிக்கவில்லை. "ரஞ்சித் இன்னா சொல்றான்?"

"சீட்டு போட்டுடலாம்ங்கறான். பிரிச்சு எல்லாரும் பாக்கணுமாம். அதெல்லாம் வேணாம் இந்திராணி. நானும் அவனும் பேசிக்கறோம். வீட்ட உன் பேருக்கு எழுதிக் குடுத்துடறோம். அவன நான் ஒத்துக்க வெக்கிறேன்."

கயிறு நின்றது.

"எழுதிக் குடுக்கறீங்களா?"

"ஆமா."

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்குன்னா... நீ இங்க இருக்க..."

"வாடகைக்கு இருக்கறவங்க எல்லாருக்கும் எழுதியா குடுக்கறாங்க?" இந்திராணி கையைத் துடைத்துக்கொண்டாள். "இத்தினி வருஷம் நான் இங்க இருந்தது எவனும் எழுதிக் குடுத்து இல்லண்ணா. சீட்டுல வந்துச்சு, இருந்தேன். நாளைக்கு ரஞ்சித் பொண்டாட்டி, 'பாவம்னு விட்டுக் குடுத்தோம்'னு ஒரு வார்த்த சொன்னா, நான் அந்தச் செவுத்துக்குள்ள தூங்க முடியுமா? சீட்டு போடு. வந்தா இருக்கேன். வரலைன்னா டிரங்குப் பெட்டி பரண் மேலதான் கீது."

"வரலைன்னா எங்க போவ?"

"ஜெசிந்தா வீட்டுல ஒரு ரூமு கீது."

"அதுல கோழி கீதுக்கா" என்றாள் ஜெசிந்தா. அவள் குரலில் அப்போது கேலி இல்லை.

பொங்கல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் முழுக்க இளங்கோவன் பொன்னேரி வீட்டில் மேஜைமுன் உட்கார்ந்திருந்தார். முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தும் ஒரு மார்க்கைத் திருத்தினவரில்லை. ஒரு வயசைக் குறைத்து எழுதினவரில்லை. ஒரு பையனின் அப்பா வாழைத்தார் கொண்டுவந்து கொடுத்தபோதுகூட, தாரைத் திருப்பி அனுப்பிவிட்டு, மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். யோக்கியன் என்று பேர். உண்மையில் தைரியம் போதாது.

வாயால் படிக்கக் கூடாது. பிரித்துக் காட்ட வேண்டும். இந்திராணி எந்தச் சீட்டை எடுப்பாள் என்று யாருக்கும் தெரியாது. எதை எடுத்தாலும் வீடாக இருக்க வேண்டும்.

வழி ஒன்றுதான் இருந்தது. அது தெரிந்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பள்ளிக்கூடக் காலத்துப் பேனாவை எடுத்து, அளவாக வெட்டிய மூன்று சீட்டிலும் தன் முத்து முத்தான எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தார். வீடு. வீடு. வீடு.

அவள் முதலில் எடுத்துக் காட்டிவிடுவாள். அப்புறம் மிச்சம் இரண்டு. அண்ணன் தம்பிக்குள் என்ன ஆகும் என்பதை அவர் யோசித்து முடிக்கவில்லை. யோசித்தால் எழுதியிருக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரஞ்சித் தனியாகத்தான் வந்தான். பொண்டாட்டிக்கு ஜுரம் என்றான். பைக்கை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். வாசல் நிலையில், அவன் உயரத்தை நைனா வருஷா வருஷம் கத்தியால் கீறி வைத்த கோடுகள் இன்னும் இருந்தன. கடைசிக் கோடு அவன் தோளுக்குக் கீழே வந்தது.

"அக்கா, இத்த பெயின்ட் அடிக்கவே இல்லியா?"

"அடிக்க வந்தவன்கிட்ட அத்த மட்டும் வுட்டுட சொன்னேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அந்தக் கடசிக் கோடு போட்ட வருஷம்தான் நீ கீழ வுழுந்து பல்ல ஒடைச்சிக்கின."

"அது படகுல."

"படகு இல்ல. அம்மா மெழுகி வெச்ச சாணித் தரையில வழுக்கி."

"படகுலதான்க்கா. நைனாகூட போனேன்."

"நைனா உன்ன படகுல ஏத்தினதே இல்ல. நீ வாந்தி எடுப்பேன்னு."

"வாந்தி எடுத்தது அண்ணன்."

"ஆமா, நான்தான்" என்று ஒத்துக்கொண்டார் இளங்கோவன். அது உண்மை. மீனவன் வீட்டில் பிறந்து, கரையிலிருந்து பத்தடி போனதும் வாந்தி எடுத்தவன் அவர் ஒருவர்தான். அதனால்தான் கிளார்க்கு வேலைக்குப் போனார். ஊரில் படிப்பு என்று சொல்லிக்கொண்டார்கள்.

சாப்பாடு ஆயிற்று. நண்டை ரஞ்சித் கொடுக்கை உடைத்து உறிஞ்சுகிற சத்தம் அப்படியே நைனாவின் சத்தம். மூன்று பேரும் அதைக் கேட்டார்கள். மூன்றாவது தடவை சோறு போட வந்த இந்திராணியிடம் அவன் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே தட்டை நகர்த்தாமல் வைத்திருந்தான்.

"ரிசார்ட்டுக்காரன் இங்க இன்னா கட்டுவான்டா?" என்று கேட்டாள் இந்திராணி, சோற்றைப் போட்டுக்கொண்டே. குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நீச்சல் குளம்" என்றான் ரஞ்சித்.

"ஏரிக்கு எதுக்கவா?"

ரஞ்சித் குழம்பைப் பிசைந்தான்.

சொம்பைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். வெளி ஆள் ஒருத்தர் பிடிக்க வேண்டும் என்பது பாடு முறை வழக்கம். ஜெசிந்தா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இளங்கோவன் சட்டைப் பையிலிருந்து மூன்று சீட்டையும் எடுத்து உள்ளே போட்டார். சொம்பின் வாயில் ஒரு சீட்டு சிக்கிக்கொண்டது.

"டிரஸ்டி, காகிதத்த போடத்தான் சொன்னோம். திதி குடுக்கற மாதிரி போடுற" என்றாள் ஜெசிந்தா. சொம்பை மூடிக் குலுக்கினாள்.

"அக்கா, நீ எடு" என்றான் ரஞ்சித்.

இந்திராணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். அவள் எட்டாவது வரை படித்தவள். பிரித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். எல்லாரும் பார்க்கிற மாதிரித் திருப்பிக் காட்டி, வாய்விட்டும் படித்தாள்.

வீடு.

"பதினாலு!" என்று கத்தினாள் ஜெசிந்தா. "யக்கா, உன் கையால எனக்கு ஒரு லாட்டரி சீட்டு எடுத்துக் குடு."

ரஞ்சித்தின் முகம் ஒரு கணம் தொங்கிப்போனது. வித்யாவின் நர்சிங் அந்த முகத்தில் வந்துவிட்டுப் போனதை இளங்கோவன் பார்த்தார். ரஞ்சித் கையை உள்ளே விட்டு ஒரு சீட்டை எடுத்தான். பிரித்தான்.

வெளியே யாரோ படகை இழுத்துக் கரையேற்றுகிற சத்தம் கேட்டது. ரஞ்சித் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தான். இளங்கோவன் தரையைப் பார்த்தார். அறுபத்தோரு வயசில், தம்பி முன்னால், பரீட்சையில் பிட்டோடு பிடிபட்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிரித்துக் காட்டச் சொன்னவன் அவன். காட்டினால் எல்லாம் முடிந்தது. மறுபடி சீட்டு எழுத வேண்டும். அதை அவனே எழுதுவான்.

"இன்னாடா வந்துச்சு?" என்றாள் இந்திராணி.

ரஞ்சித் ஒரு தடவை வாசல் நிலையைப் பார்த்தான். பிறகு சீட்டை நாலாக மடித்தான்.

"படகு" என்றான்.

"காட்டு" என்றாள் ஜெசிந்தா.

"படகுன்னா படகுதான். உனுக்கு இன்னாத்த காட்டறது? உனுக்குப் படிக்கத் தெரியுமா?" சீட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மூன்று சொத்திலும் மட்டமானது படகு. அடிப்பலகை மாற்ற வேண்டிய பழசு. அதைச் சொல்லிவிட்டு, ஊரிலேயே கெட்டியான சொத்தான கோபுரத்து மனையை அண்ணனுக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான், ஏழு வாடகைச் சுவருக்கு ஆணி அடித்தவன். இளங்கோவன் அவசரமாகச் சொம்புக்குள் கையை விட்டார். கடைசிச் சீட்டை எடுத்தார். பிரித்து, மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு படித்தார்.

"படகு!" என்றார். "இதுலதான் படகுன்னு போட்டுகீது. டேய், உன்னுது கோபுரம்டா. சரியாப் பாரு."

"இல்லண்ணா, நான் பாத்துட்டேன்."

"கண்ணாடி போட்டுக்கினியா?"

"இல்ல."

"அப்பறம் எப்டிறா பாத்த? நான் எழுதினவன். எனக்குத் தெரியாதா? சின்ன எழுத்து ஒனக்குத் தெரியல. கோபுரம்."

இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் முறைத்துக்கொண்டார்கள். சொத்துக்காக அண்ணன் தம்பி முறைத்துக்கொள்வதை ஜெசிந்தா நிறையப் பார்த்திருக்கிறாள். இது எந்த வகை என்று தெரியாமல் சொம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

ரஞ்சித் பையிலிருந்து சீட்டை எடுத்து, தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஓரமாகப் பிரித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஆமா" என்றான். குரல் கம்மியிருந்தது. "கோபுரம்தான். கண்ணாடி மாத்தணும்ண்ணா."

"மாத்து."

"நீ படக வெச்சிக்கினு இன்னா பண்ணுவ? வாந்தி எடுப்பியா?"

"கரையிலயே குந்திக்கினு எடுப்பேன்" என்றார் இளங்கோவன். நைனா எறிகிற மாதிரியே தன் சீட்டைக் கசக்கி மூலையில் எறிந்தார். எறிந்தபோது அவருக்கு நைனாவாகவே ஆகிவிட்ட மாதிரி ஒரு பெருமை இருந்தது.

மூன்று மணி வெயிலில் ரஞ்சித் கிளம்பினான். பைக்கில் நண்டுக் கூடை ஒன்று கட்டியிருந்தது. வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"ரிசார்ட்டுக்காரனுக்கு கோபுரத்து மனை வேணுமான்னு கேக்கணும்."

"வேணாம்டா. வாடகை வருது. அத்த காட்டி பேங்க்ல கடன் வாங்கலாம். சாம்கிட்ட பேசறேன். வித்யாவ சேத்துடலாம்."

"ம்." கூடைக் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். "உனக்கு இந்த தைரியம் எப்ப வந்துச்சு?"

"நேத்து மத்தியானம்."

ரஞ்சித் சிரித்துவிட்டுப் போனான். பாலம் ஏறி, ஒரு புள்ளியாகி, அக்கரையில் மறைகிறவரை இளங்கோவன் நின்று பார்த்தார். அடுத்த தையில் சீட்டு கிடையாது. அவன் வருவதற்குக் காரணம் கிடையாது. இது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வரித்துறை அபராதம் போட்ட அந்த ஒரு வரிதான் வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று பேரையும் இந்தத் தரையில் உட்காரவைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

உள்ளே வந்தபோது இந்திராணி கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா போய்விட்டிருந்தாள். இந்திராணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். முறத்திலிருந்து எதையோ பொறுக்கி, முழங்காலில் வைத்து நீவி, அண்ணன் முன்னால் போட்டாள்.

கசங்கிய சீட்டு. வீடு.

இளங்கோவன் அதைக் கையால் மூடினார்.

அவள் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து பழைய ஓவல்டின் டப்பா ஒன்றை எடுத்துவந்தாள். மூடியைத் திறந்து தரையில் கவிழ்த்தாள். சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள் உதிர்ந்தன. நீவி மடித்து வைத்தவை, பழுத்துப் போயிருந்தன. முப்பது நாற்பது இருக்கும். இளங்கோவன் ஒன்றை எடுத்துப் பிரித்தார். இன்னொன்று. இன்னொன்று. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கட்டம் இல்லை. கோடு இல்லை. பிறை இல்லை. எதிலும் ஒன்றும் இல்லை. வெறும் காகிதம்.

"மொத வருஷமே பெருக்கறப்ப பாத்தேன்" என்றாள் இந்திராணி.

"தெரிஞ்சுக்கினா இத்தினி வருஷம் இருந்த?"

"எழுதப் படிக்கத் தெரியாத மனுசன், வெத்துக் காகிதத்த வெளிச்சத்துல புடிச்சி, எனக்காக வருஷா வருஷம் படிச்சாரு. அத்த போய் பிச்சைன்னு எப்டிண்ணா சொல்றது?" இன்றைக்கு வந்த தன் சீட்டையும், மூலையில் கிடந்ததையும் சேர்த்து டப்பாவுக்குள் போட்டாள். "ரஞ்சித்து தன்னோடத எடுத்துக்கினு பூட்டான். அதுலயும் இதே தானே?"

இளங்கோவன் தலையை ஆட்டினார்.

"நைனா ஒண்ணும் எழுதாம விட்டாரு. ஒரு தபாகூட மாட்டிக்கல. நீ மூணுலயும் முத்து முத்தா எழுதி, ரெண்டு கோடும் வேற இழுத்து வெச்சிக்கிற." டப்பாவை அழுத்தி மூடினாள். "ஆமா, இப்ப புதுசா எழுதற பத்திரம், அத்த யாரு எழுதப் போறது?"

"ஆடிட்டரு."

"அப்ப சரி" என்றாள் இந்திராணி. அடுப்படிக்குப் போனவள் திரும்பி நின்றாள். "அடுத்த தை, இதே ஞாயித்துக்கெயம, ரெண்டு பேரும் வரணும். சொல்லிடு அவன்கிட்ட."

"எதுக்கு? பிரிக்கறதுக்கு இன்னா கீது?"

அவள் டப்பாவை அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளினாள்.

"பல்லு படகுல ஒடைஞ்சிதா, தரையில ஒடைஞ்சிதான்னு சீட்டு போட்டுப் பாத்துடலாம்" என்றாள். "நீ எழுதாத. நான் எழுதறேன்."